கேட்டீர்கள், சொல்கிறோம்: ராத்திரி முழுக்கச் செல்லைப் படமெடுக்கும் மெஷின்

சென்ற இதழில், மருந்து ஆய்வுக்கூடங்களில் தானாக இயங்கும் மைக்ரோஸ்கோப்புகள் வந்துவிட்டதைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, அதிலும் பாதிக்கு மேல் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து. அழகப்பா பல்கலைக்கழகமும் சிக்ரி மின்வேதியியல் ஆய்வகமும் இருக்கிற சீமை, கேட்கத்தான் செய்வார்கள். இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே. சமையல் எண்ணெய் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பேத்தி பெங்களூரில் மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் இருக்கிறாள். என்ன வேலை என்று கேட்டால், "செல்லைப் படம் எடுக்கிறோம் அப்பத்தா, ராத்திரி மெஷின் எடுக்கும், காலையில் நான் போய்ப் பார்ப்பேன்" என்கிறாள். இதற்கா அஞ்சு வருஷம் படிக்க வைத்தோம்?
*(ஓர் ஆச்சி, தேவகோட்டை)*

ஆச்சி, படமெடுப்பது மெஷின்தான். அந்தப் படத்தில் எதைத் தேடுவது, தேடிக் கிடைத்ததை நம்பலாமா கூடாதா என்று சொல்வது உங்கள் பேத்தி. சம்பளம் அதற்குத்தான்.

நடப்பது இதுதான். 128 மில்லிமீட்டர் நீளம், 85 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. உலகம் பூராவும் ஏறக்குறைய ஒரே அளவு, அப்போதுதான் எந்தக் கம்பெனி ரோபோவும் அதைப் பிடித்துத் தூக்கும். அதில் 16 வரிசை, 24 பத்தி, ஆக 384 சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் மனிதச் செல்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வளர்ந்திருக்கும். குழிக்கு ஒரு மருந்து. ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டு, செல்லின் பாகங்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றித் தட்டை உள்ளே வைத்துவிட்டால், மெஷின் ஒவ்வொரு குழியாக நகர்ந்து, தானே ஃபோகஸ் செய்து, நிறத்துக்கு ஒன்றாகப் படமெடுத்துக்கொண்டே போகும். இந்த ஃபோகஸ் சாதாரண விஷயமில்லை. தட்டின் அடிப்பாகம் நம் கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும் லென்ஸுக்கு அது மேடும் பள்ளமும்தான், அதனால் கீழிருந்து அகச்சிவப்பு லேசரை அனுப்பி, அது பிளாஸ்டிக்கில் பட்டுத் திரும்புவதை வைத்து அடிமட்டம் எங்கே என்று கண்டுகொண்டு, அங்கிருந்து சில மைக்ரான் மேலே ஏறிப் படமெடுக்கும். அடுத்த குழியில் மறுபடி அதே வேலை.

சரி, எதற்குப் படம்? மொத்த வெளிச்சத்தை மட்டும் அளந்து எண்ணாகக் கொடுக்கும் கருவிகள் ரொம்ப நாளாக இருக்கின்றனவே என்று கேட்கலாம். என்.எஃப்-கப்பா-பி என்று ஒரு புரதம் இருக்கிறது. செல் சும்மா இருக்கும்போது அது உட்கருவுக்கு வெளியே இருக்கும். அழற்சியைத் தூண்டும் சமிக்ஞை வந்ததும் உட்கருவுக்குள் ஓடிவிடும். மொத்தமாக அளந்தால் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட அதே வெளிச்சம்தான், எந்த வித்தியாசமும் தெரியாது. படத்தில் பார்த்தால், முன்னால் நடுவில் கருப்பு ஓட்டையோடு வளையமாக இருந்தது, இப்போது நடுவில் பளிச்சென்று பொட்டாக இருக்கிறது. அந்த ஓட்டத்தைத் தடுக்கிற மருந்து எது என்று ஆயிரக்கணக்கான ரசாயனங்களில் தேட வேண்டுமானால், படத்தை விட்டால் நேரான வழி குறைவு.

1990களின் கடைசியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் செல்லோமிக்ஸ் என்ற கம்பெனி இதைத் தொழிலாகத் தொடங்கியது. 'ஹை கன்டென்ட் ஸ்கிரீனிங்' என்ற பெயரும் அங்கிருந்து பரவியதுதான். 2013க்குப் பிறகு 'செல் பெயின்டிங்' என்று ஒரு முறை வந்தது. ஆறு சாயம், ஐந்து நிறப் படம், அதில் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, கோல்கி என்று எட்டுப் பாகங்கள் தெரியும். ஒவ்வொரு செல்லுக்கும் சுமார் 1500 அளவுகள் எடுப்பார்கள்.

காலையில் உங்கள் பேத்தி போய்ப் பார்ப்பது என்ன என்றால், எந்தக் குழியில் ஃபோகஸ் தவறியிருக்கிறது, எதில் துணி நூல் ஒன்று விழுந்து டியூப்லைட் மாதிரி எரிகிறது, எதில் செல்லே உரிந்து போய்விட்டது என்பதை. கம்ப்யூட்டர் அந்த நூலையும் செல் என்று நினைத்து அளந்து வைத்திருக்கும். படித்தவள் பார்க்காவிட்டால் அந்த நூல் மருந்தாகிவிடும், ஆச்சி.

மஞ்சளின் குர்குமினைப் புற்றுநோய்ச் செல்களில் போட்டு, டி.சி.எஃப்.டி.ஏ. சாயம் வைத்துப் படமெடுத்தேன். குர்குமின் அளவு கூடக் கூடப் பச்சை வெளிச்சம் படிப்படியாக ஏறுகிறது. ஆர்.ஓ.எஸ். கூடுகிறது என்று எழுதிவிடலாமா? கைடு "சூப்பர் ரிசல்ட்" என்கிறார்.
*(எம்.எஸ்சி. மாணவி, காரைக்குடி)*

இப்போதைக்கு எழுதாதீர்கள். (மற்றவர்களுக்கு: ஆர்.ஓ.எஸ். என்பது செல்லுக்குள் உண்டாகி அதைச் சேதப்படுத்தக்கூடிய ஆக்சிஜன் வகைகள். அவை கூடினால் டி.சி.எஃப்.டி.ஏ. சாயம் பச்சையாக ஒளிரும்.) முதலில் ஒரு வேலை செய்யுங்கள்: சமையலறை மஞ்சள் தூளில் ஒரு சிட்டிகையை ஸ்பிரிட்டில் கலக்கித் தெளியவிட்டு, கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சை அதன்மேல் அடித்துப் பாருங்கள். பச்சையும் மஞ்சளுமாக ஒளிரும். சாயமே போடவில்லை, செல்லே இல்லை. குர்குமினின் சொந்த வெளிச்சம் அது.

குர்குமின் ஒளியை உறிஞ்சுவது சுமார் 425 நானோமீட்டரில், திருப்பி வெளிவிடுவது பச்சைப் பகுதியில். டி.சி.எஃப்.டி.ஏ.வும் பச்சை. மைக்ரோஸ்கோப்பில் பச்சை ஃபில்டர் வழியாக வருகிற வெளிச்சம் எவ்வளவு என்றுதான் கேமராவுக்குத் தெரியும், அது யாருடைய வெளிச்சம் என்று தெரியாது. குர்குமின் கொழுப்பில் கரையும் பொருள், செல்லுக்குள் நன்றாகப் போய்ச் சவ்வுகளில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் கூடுதலாகப் போட்டால் கூடுதலாக ஒளிரும். ஆக உங்கள் அழகான ஏறுமுகக் கோடு, நீங்கள் பைப்பெட்டில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதன் கோடாக மட்டும் இருக்கலாம்.

நிஜமாகவே ஆர்.ஓ.எஸ். கூடியும் இருக்கலாம், அது வேறு விஷயம். பிரித்துப் பார்க்க வேண்டும். சாயமில்லாமல் செல்லும் குர்குமினும் மட்டும் உள்ள குழிகள், ஒவ்வொரு அளவுக்கும் வையுங்கள். செல் இல்லாமல் குர்குமினும் சாயமும் உள்ள குழிகள் வையுங்கள். குர்குமினைக் கரைக்கும் திரவமான டி.எம்.எஸ்.ஓ. மட்டும் உள்ள கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் குழி, எப்படியும் வைத்திருப்பீர்கள், அதில் டி.எம்.எஸ்.ஓ.வின் சதவீதம் எல்லாக் குழியிலும் ஒன்றேதானா என்று பாருங்கள், பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சாயமில்லாத குழியிலும் அதே ஏறுமுகம் வந்தால் கதை முடிந்தது. அப்புறம் பச்சையை விட்டுவிட்டு, செல்ராக்ஸ் டீப் ரெட் போலத் தூரச் சிவப்பில் ஒளிரும் சாயத்துக்கு மாறுங்கள். அங்கே குர்குமின் தொந்தரவு செய்யாது. ஆனால் இதே பரிசோதனையை நாளைக்கு இலைச் சாற்றில் செய்தால் தூரச் சிவப்பும் உதவாது, ஏனென்றால் பச்சையம் 680 நானோமீட்டர் பக்கம் சிவப்பாக ஒளிரும். எந்தப் பொருளைச் சோதிக்கிறோமோ அதன் சொந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுச் சாயத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முறை. நம் கல்லூரிகளில் ஃபிரிட்ஜில் எந்தச் சாயம் மிச்சமிருக்கிறதோ அதை வைத்துப் பரிசோதனை அமைகிறது.

இன்னொன்று. சீரம் (ரத்தத் தெளிநீர்) இல்லாத மீடியாவில், அதாவது செல் வளரும் ஊட்டத் திரவத்தில், குர்குமின் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் சிதைந்துபோகும். நீங்கள் 24 மணி நேரம் விட்டிருந்தால், செல் பார்த்தது குர்குமினையா அதன் சிதைவுப் பொருளையா என்ற கேள்வியும் வரும். 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் சேர்ந்து எழுதிய பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று, குர்குமின் எத்தனை விதமான பரிசோதனைகளை ஏமாற்றும் என்று விலாவாரியாகச் சொல்கிறது. கைடிடம் அதைக் காட்டுங்கள், சண்டை போடாமல் விஷயம் முடியும்.

கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த செல்லை இந்த மெஷினில் வைத்தால் புற்றுநோயா இல்லையா என்று உடனே சொல்லிவிடுமா?
*(ஒரு வாசகர், கானாடுகாத்தான்)*

சொல்லாது. இது மருந்து தேடும் மெஷின், நோய் கண்டறியும் மெஷின் இல்லை. நோயாளியின் ஸ்லைடைப் பார்க்கத் தனிக் கருவிகள் உண்டு. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை ஸ்லைடில் சந்தேகமான 22 இடங்களைப் பொறுக்கிக் காட்டும் கருவிக்கு அமெரிக்காவில் 2003இலேயே அனுமதி கிடைத்தது. அதிலும் பார்த்து முடிவு சொல்வது மனிதர்தான். உங்கள் விஷயத்தில் பேத்தாலஜி டாக்டரின் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

96 குழித் தட்டில் ஓரக் குழிகளில் மட்டும் செல் குறைவாகவும் சுருங்கியும் இருக்கிறது. அங்கே வைத்த மருந்தெல்லாம் வேலை செய்வது போலத் தெரிகிறது. ஒவ்வொரு குழியிலும் 500 செல் எண்ணுகிறோம், பி-வேல்யூ பிரமாதமாக வருகிறது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.
*(ஆராய்ச்சி மாணவர், தேவகோட்டை)*

மனசு சொல்வதைக் கேளுங்கள் தம்பி, அது சரியாகச் சொல்கிறது.

ஓரக் குழிகளில் தண்ணீர் அதிகம் ஆவியாகும். மீடியா குறையும், உப்பு கூடும், செல் சுருங்கும். மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொரு காரணம் தட்டில் செல் ஊற்றிய அன்றைக்கே நடந்துவிடுகிறது: குளிர்ந்த ஏ.சி. அறையிலிருந்து தட்டை உடனே 37 டிகிரி இன்குபேட்டருக்குள் தள்ளினால் ஓரம் முதலில் சூடாகும், உள்ளே நீரோட்டம் கிளம்பும், செல்லெல்லாம் குழியின் ஒரு பக்கமாக ஒதுங்கி ஒட்டிக்கொள்ளும். ஊற்றியதும் தட்டை அரை மணி நேரமாவது மட்டமான மேஜையில் அப்படியே விட்டு, செல் அடியில் இறங்கிய பிறகு உள்ளே வையுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே நிறையத் தெளியும். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டு காய்ந்து கிடக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள், நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் இன்குபேட்டரில் அதை யாரும் பார்ப்பதில்லை. மூன்று நாள் பரிசோதனை தொடங்கும் முன் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓரத்து 36 குழிகளில் வெறும் பி.பி.எஸ். உப்புக் கரைசல் ஊற்றிவிட்டு உள்ளே இருக்கும் 60ஐ மட்டும் பயன்படுத்துவது பலர் செய்வது. 384 குழித் தட்டில் அப்படிச் செய்தால் 76 போய் 308 மிஞ்சும், அவ்வளவு இழக்க முடியாதவர்கள் மருந்துகளைத் தட்டெங்கும் கலைத்துப் போடுவார்கள். கன்ட்ரோலை மட்டும் முதல் பத்தியிலும் கடைசிப் பத்தியிலும் வரிசையாக வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பரிசோதனை தேறுமா என்று பார்க்க இசட்-பிரைம் என்று ஒரு கணக்கு, 1999இல் வந்தது. பாஸிட்டிவ் (நிச்சயம் மாற்றம் தரும் மருந்து உள்ளது), நெகட்டிவ் (மருந்தே இல்லாதது) கன்ட்ரோல்களின் திட்டவிலக்கங்களைக் கூட்டி 3ஆல் பெருக்கி, இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தால் வகுத்து, 1இலிருந்து கழியுங்கள். பாஸிட்டிவ் சராசரி 80, நெகட்டிவ் 20, இரண்டுக்கும் திட்டவிலக்கம் 5 என்றால் 30ஐ 60ஆல் வகுக்க 0.5, கழித்தால் 0.5. அதற்கு மேலே இருந்தால் தைரியமாகத் தேடலாம். படப் பரிசோதனைகளில் கொஞ்சம் கீழே இருந்தாலும் சிலர் போவார்கள், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

அந்தப் பிரமாதமான பி-வேல்யூவுக்கு வருவோம். கிடைத்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்க உதவும் எண் அது. ஒரே குழியில் இருக்கும் 500 செல்லும் ஒரே மீடியாவைக் குடித்தவை, ஒரே கை ஊற்றியவை, ஒரே மூலையில் காய்ந்தவை. அதை 500 தனித்தனிச் சான்றாக எண்ணினால் எந்தக் குப்பைக்கும் பி-வேல்யூ பிரமாதமாகத்தான் வரும். குழிக்கு ஓர் எண், மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வேறு நாளில், வேறு பாஸேஜ் செல்லில், அதாவது வேறொரு முறை பிரித்து வளர்த்த செல்லில், திரும்பச் செய்யுங்கள். சான்று அந்த நாட்களின் எண்ணிக்கைதான். ஆய்வேட்டில் இதைத் தவறவிட்டவர்கள் ஏராளம், தேர்வாளர்களும் கேட்பதில்லை.

பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறேன். இந்தப் படங்களை அலசும் வேலையை வீட்டு லேப்டாப்பிலேயே பழக முடியுமா? மெஷின் கோடிக்கணக்கில் என்கிறார்களே?
*(ஒரு வாசகர், பள்ளத்தூர்)*

மெஷின் கோடிதான், படம் இலவசம். அமெரிக்காவின் பிராட் இன்ஸ்டிட்யூட் ஆராய்ச்சி நிறுவனம் பரிசோதனைப் படங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதில் பி.பி.பி.சி.021 என்ற தொகுப்பில் தொடங்குங்கள்: எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்கள், 113 ரசாயனங்கள், ஒவ்வொன்றும் எட்டு அளவுகளில். பல ரசாயனங்கள் செல்லை எப்படித் தாக்குகின்றன என்ற விடையும் கூடவே கொடுத்திருக்கிறார்கள், அதனால் நீங்கள் எழுதும் நிரல் தேறுகிறதா என்று நீங்களே திருத்திக்கொள்ளலாம். மென்பொருளும் காசில்லை. ஆன் கார்பென்டரும் தவுஸ் ஜோன்ஸும் உருவாக்கிய செல்ப்ரொஃபைலர் 2006லிருந்து இருக்கிறது, புரோகிராம் எழுதத் தெரியாத உயிரியல்காரர்களுக்காகச் செய்தது. இமேஜ்ஜே அதைவிடப் பழசு. உங்களுக்குப் பைதான் தெரியும் என்றால் செல்போஸ் என்ற மென்பொருள் பக்கமும் போய்ப் பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? முதலில் உட்கருவைப் பிடிப்பார்கள், அதுதான் வட்டமாகத் தனித்தனியாக இருக்கும். எந்த வெளிச்சத்துக்கு மேல் உட்கரு, எதற்குக் கீழ் பின்னணி என்று கோடு கிழிக்க ஓட்சு என்பவர் 1979இல் சொன்ன வழி இன்னும் ஓடுகிறது. பிரச்சினை, இரண்டு உட்கருக்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் எங்கே வெட்டுவது? நம் சீமையில் கண்மாய் பார்த்தவருக்கு இது சுலபம். ஒவ்வோர் உட்கருவின் நடுவையும் பள்ளமாக நினைத்துக்கொண்டு இரண்டிலும் தண்ணீர் ஏற்றுங்கள், இரண்டு தண்ணீரும் சந்திக்கப் போகிற இடத்தில் கரை போடுங்கள். அந்தக் கரைதான் வெட்டுக்கோடு. வாட்டர்ஷெட் என்று பெயர். அதன்பின் உட்கருவை விதையாக வைத்து, வேறு நிறப் படத்தில் செல்லின் விளிம்பு வரை விரித்துக்கொண்டு போவார்கள். பரப்பு, வட்டத்தன்மை, வெளிச்சம், சொரசொரப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

லேப்டாப் தாங்குமா என்றால், பழகுவதற்குத் தாங்கும். நிஜ வேலையில் ஒரே தட்டு: 384 குழி, குழிக்கு 9 இடம், 5 நிறம், ஆக 17,280 படங்கள். 2160க்கு 2160 புள்ளி, 16 பிட் என்றால் படம் ஒன்று 9.3 எம்.பி., தட்டுக்கு சுமார் 160 ஜி.பி. பத்துத் தட்டு ஓட்டினால் ஒன்றரை டெராபைட் தாண்டும். உயிரியல்காரர்கள் திணறுவதே இங்கேதான், பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உங்களைப் போன்றவர்களுக்கு வேலை இருப்பதும் இதனால்தான். ஒரே நிபந்தனை, ஒரு வாரமாவது செல் வளர்க்கிற அறையில் போய் நின்று பாருங்கள். செத்த செல் எப்படி இருக்கும் என்று தெரியாமல் நிரல் எழுதுகிறவர்களால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சமில்லை.

பரம்பரையாகச் செய்யும் சூரணம் ஒன்று இருக்கிறது. செல்லில் போட்டுப் படமெடுத்தால் எந்த நோய்க்குக் கேட்கும் என்று தெரிந்துவிடுமா?
*(சித்த வைத்தியர், புதுவயல்)*

எந்த நோய்க்கு என்று தெரியாது ஐயா. இந்த வகைச் செல்லில் இந்த அளவில் போட்டால் இன்ன மாற்றம் வந்தது என்று மட்டும் தெரியும். ஏற்கெனவே விவரம் தெரிந்த மருந்துகள் உண்டாக்கும் மாற்றத்தோடு அதை ஒப்பிட்டு, இது போல இருக்கிறது என்று ஒரு துப்பு கிடைக்கலாம். அவ்வளவுதான்.

சூரணத்தை வாயில் போட்டால் குடல் தாண்டி, ஈரல் தாண்டி, உருமாறித்தான் ரத்தத்துக்குப் போகும். தட்டில் அந்த வழியே இல்லை. ஈரல் செல் வைத்துச் செய்கிறோம் என்று ஹெப்-ஜி2 செல்லைக் காட்டுவார்கள், மருந்தை உருமாற்றும் நொதிகள் அதில் ரொம்பக் குறைவு. போதாததற்கு, கரையாத தூள் துகள்கள் குழியின் அடியில் உட்கார்ந்து பளபளக்கும், கம்ப்யூட்டர் அவற்றையும் செல் கணக்கில் சேர்க்கும். யாராவது உங்கள் சூரணத்தை இப்படிச் சோதித்து 'புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது' என்று சான்றிதழ் தர முன்வந்தால், சாதாரண செல்லை என்ன செய்தது என்று முதலில் கேளுங்கள். எந்தப் பொருளையும் அளவுக்கு மேல் ஊற்றினால் செல் சாகும். உங்கள் பணத்தை முதலில் கன உலோகச் சோதனைக்குச் செலவழிப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் கல்லூரியில் கையால் இயக்கும் ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் ஒன்றுதான் இருக்கிறது. மாணவர்கள் இதே மாதிரி சிறிய அளவில் செய்ய முடியுமா?
*(உதவிப் பேராசிரியர், திருப்பத்தூர்)*

தாராளமாக. ஐந்தாறு மருந்து, நாலைந்து அளவு என்றால் கையாலேயே போதும். செல்லை மட்டும் தெரிந்த இடத்தில் வாங்குங்கள், புனேயில் என்.சி.சி.எஸ். என்ற தேசிய செல் அறிவியல் மையம் இருக்கிறது. பக்கத்து லேபிலிருந்து குப்பியில் கொண்டுவந்த செல் என்ன செல் என்று கொடுத்தவருக்கே தெரியாத கதைகள் உண்டு.

தானியங்கி மெஷினின் பெரிய பலம் வேகம் இல்லை, அதற்குப் பாரபட்சம் கிடையாது. மாணவர் கையால் எடுத்தால், தன்னை அறியாமல் அழகான இடமாகத் தேடிப் போய் எடுப்பார். அதனால் எங்கே எடுப்பது என்று முன்பே விதி வையுங்கள்: குழியின் நடு, அங்கிருந்து மேல் கீழ் வலம் இடம், அந்த இடத்தில் செல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்தே ஆக வேண்டும். குழிகளின் பெயரை வேறொருவர் மாற்றி எழுதி வைக்கட்டும், எது மருந்து எது கன்ட்ரோல் என்று எடுப்பவருக்குத் தெரியக் கூடாது. படத்தை டிஃப் கோப்பாகச் சேமியுங்கள், ஜேபெக் வேண்டாம், அளவைக் குறைக்கும்போது வெளிச்ச எண்களை அது மாற்றிவிடும். மிக அதிகமாக ஒளிரும் குழியில் எக்ஸ்போஷரைச் சரிசெய்து, எந்தப் புள்ளியும் உச்சத்தில் முட்டாதபடி பார்த்துக்கொண்டு, அதே எண்ணில் கடைசிக் குழி வரை எடுங்கள். மங்கலாகத் தெரிகிறதே என்று நடுவில் யாராவது கூட்டினால் அன்றைய வேலை முழுக்க வீண். கேமரா மென்பொருளில் ஆட்டோ எக்ஸ்போஷர் என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அணைத்துவிட்டு, 'தொடாதே' என்று சீட்டு எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுங்கள்.